பேர்

டாண்டினோங், லொன்ஸ்டேல் வீதி, இரண்டாம் மாடி.
குளிர்சாதன அறைக்குப் போடுவதுபோல் தடித்த கதவு.
அது சாத்தியதும்
என் கழுத்து திரும்பும் சத்தம் எனக்கே கேட்டது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ப்ரான்வின்.
ஒலி கேட்டால் பொத்தானை அமுக்குங்கள்,
கேட்டதுபோல் இருந்தாலும் அமுக்குங்கள் என்றார்.

கேட்டதுபோல் இருப்பதற்கு என்னிடம் குறைவில்லை.
பதினான்கு வருடம் அலமாரிப் பலகை அறுத்தவன்.
ரம்பத்தை நிறுத்தி வீட்டுக்கு வந்த பிறகும்
அதன் குஞ்சு ஒன்று வலக்காதுக்குள்
அறுத்துக்கொண்டே இருக்கிறது.
அதற்கும் அமுக்கினேன்.
அனுப்பாத ஒலிக்கெல்லாம் ஆள் பதில் சொல்கிறான் என்று
எங்காவது குறித்திருப்பார்.

பிறகு வரைபடம்.
இடக்காதுக்கு நீலப் பெருக்கல் குறி,
வலக்காதுக்குச் சிவப்பு வட்டம்.
சமதரையில் நடந்து வந்த கோடு
நாலாயிரத்தில் கிணற்றில் விழுந்து
எட்டாயிரத்தில் பாதி ஏறி மூச்சு வாங்குகிறது.
அந்தக் கிணற்றுப் பக்கம்தான்
ஆங்கிலத்தின் ஸ், ஃப் எல்லாம் கிடக்கின்றனவாம்.

இதுவா சங்கதி.
ஃப்ரெண்ட்ஸ் என்று மிதுஷா இங்கிலீஷில் சொன்ன அன்று
எனக்கு ஒரு ஃப்ரெண்ட்தான் வந்து சேர்ந்தான்.
ஒரு கோப்பை எடுத்து வைத்தேன்.
ஆறு பிள்ளைகள் சப்பாத்தோடு வாசலில்.
நம்முடைய ‘கள்’ இன்னும் முழுதாகக் கேட்கிறது,
அதன் வால் நீளம்.

அடுத்தது சொற்கள்.
வாயைத் தாளால் மறைத்துக்கொண்டு
அவர் சொல்வதை நான் திருப்பிச் சொல்ல வேண்டும்.
பேர் என்றார்.
கமலநேசன் என்றேன்.

தாள் அசையாமல் நின்றது.

மறுபடி, பேர்.
பேர் என்றேன்.
பிழை.
அவர் சொன்னது கரடியாம், நான் சொன்னது பேரிக்காயாம்,
அல்லது மறுவளமாக.
இங்கே எழுதிக் காட்டவும் வழியில்லை எனக்கு:
கரடிக்கும் பழத்துக்கும் கமலநேசனுக்கும்
இருப்பது ஒரே ப.

இது ரம்பம் செய்த வேலை இல்லை என்றார் ப்ரான்வின்.
காது கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறது,
வாங்கிப் பேர் வைப்பது மூளை.
பிறந்த குழந்தைக்கு
உலகத்து மொழியெல்லாம் பிரிந்து கேட்குமாம்;
ஒரு வயது ஆகுமுன்னே
ஆள் வராத வாசல்களை மூளை அடைத்துவிடுமாம்.

ஐம்பது வருடமாக அடைத்த வாசல்.
இன்ஷூரன்ஸ்காரன் இதற்குப் பணம் தரமாட்டான்.

சரி, உங்களுடையதைப் பார்ப்போம் என்று
தாளை வாங்கி என் வாயை மறைத்தேன்.
வலி.
வலி என்றார்.
வளி.
வலி.
வழி.
கண்ணை மூடி, தலையைச் சாய்த்து,
பரீட்சை எழுதும் பிள்ளைபோல் நேரம் எடுத்து:
வலி.

காற்றும் நோவு, பாதையும் நோவு அவருக்கு.
இன்னொருமுறை என்றார்.
பிறகு இன்னொருமுறை.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், காதுக்கு ஏதோ உதவும் என்பதுபோல்.
வித்தியாசம் உண்டென்று நீங்கள் சொல்வதை
நம்புகிறேன் என்றார் கடைசியில்.

என் மதிப்பெண்ணை மாற்றவில்லை.
ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு;
தலைகீழாகப் படித்தேன்:
முதல் மொழி தமில்.

கீழே வந்தால் தூறல்.
வீதி கடக்க ஒரு பொத்தான்.
மேலே, கேட்டபின் அமுக்க வேண்டும்;
இங்கே அமுக்கிவிட்டு
கேட்பதற்காக நிற்க வேண்டும்.
டொக்... டொக்... டொக்...
கையை எடுக்காமல் வைத்திருந்தேன்,
இரும்பு தோலுக்குள் அதையே சொல்லிற்று.
எது முந்திப் போய்ச் சேர்ந்தது, காதா கையா,
யோசிப்பதற்குள் படபடவென்று பச்சை.

ரம்பக் குஞ்சும் என்னோடு வீதியைக் கடந்தது.
அதற்கு இன்னும் ஒருவரும் பேர் வைக்கவில்லை.